கருவறையில் இருப்பது கல்லா, சொல்லா?

(‘திருக்கோயில்களின் பெருமைக்குப் பெரிதும் காரணம் கல்லா? சொல்லா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘சொல்லே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் எங்கள் மீது கல்லை வீசிவிட்டு, இப்போது களைத்துப்போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கத்திலே நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே ஒரு காதைத் தொலைக்காட்சிக்கும் இன்னொரு காதைக் குக்கர் விசிலுக்கும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற சகோதரிகளே!

எதிரணியின் தலைவர் கடைசியிலே ஒரு பெரிய பாறையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவிலே போட்டார். “ஆவுடையார்கோவில் கொடுங்கையைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்” என்றார். ஐயா, பார்த்திருக்கிறேன். பல தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் கொடுங்கையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்று விட்டீர்கள். நான் உள்ளே போனேன். (கைதட்டல்)

புதுக்கோட்டை மாவட்டத்திலே, அறந்தாங்கிக்குத் தெற்கே சுமார் 14 கிலோமீட்டர். வெள்ளாற்றுப் பக்கம். பழைய பெயர் திருப்பெருந்துறை. பெயரிலேயே துறை இருக்கிறது பாருங்கள். இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று கடற்கரை ஊர்கள் வரிசையாக வந்துவிடும். வேதாரண்யத்தையும் இராமேசுவரத்தையும் பார்க்கப் போகிற வண்டிகள் எல்லாம் இந்த ஊரைத் தாண்டிப் பறக்கின்றன. ஒரு வேளை இறங்கிப் பார்க்கலாம்; நஷ்டம் ஒன்றும் வராது.

கொடுங்கை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தின் ஓரத்திலே வளைந்து இறங்குகிற கல் தாழ்வாரம். மற்ற ஊரிலும் இருக்கிறது. இங்கே என்ன விசேஷம் என்றால், கல்லை மரமாக்கியிருக்கிறான் சிற்பி. தச்சன் கூரை வேய்வதைப் போலவே கல்லிலே சட்டம், குறுக்குச் சட்டம், கம்பி, அந்தக் கம்பியை அடித்து இறுக்கிய ஆணி, ஆணியின் கொண்டை! தகடு மாதிரி மெலிந்திருக்கிற கல். இது கல்தானா என்று சந்தேகப்பட்டு ஒரு வெள்ளைக்கார அதிகாரி துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தான் என்று ஊர்க்காரர்கள் கதை சொல்லி, ஓட்டையையும் காட்டுவார்கள். கதை எப்படியோ போகட்டும். பழைய காலத்துச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, “தாரமங்கலத்துத் தூண், திருவலஞ்சுழிப் பலகணி, ஆவுடையார்கோவில் கொடுங்கை, இவை நீங்கலாக எது கேட்டாலும் செய்து தருகிறோம்” என்று எழுதுவார்களாம். இதையெல்லாம் நான் மறுக்கவே இல்லை. அந்த உளிக்கு என் தலை தாழ்ந்த வணக்கம்.

இப்போ என்னோடு உள்ளே வாங்க.

ஒரு தடவை என் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எங்களுக்குச் சுற்றிக்காட்டியவர் ஒரு மணி நேரம் வெளியிலேயே நிறுத்திவிட்டார். குதிரை வீரன், குறவன், குறத்தி, வீரபத்திரர், கல் சங்கிலி என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம். பையன்களுக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. எல்லாம் முடிந்து கருவறைக்கு முன்னால் போய் நின்றோம். தீபம் காட்டினார்கள். ஒரு பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, மெதுவாகக் கேட்டான். “சார், சாமி எங்க சார்?”

நடுவர் அவர்களே, இந்த வழக்கிலே அதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. ஏனென்றால் அங்கே லிங்கம் இல்லை! கீழே இருக்கிற பீடம் இருக்கிறதே, ஆவுடையார், அது மட்டும்தான் இருக்கிறது. மேலே பாணம் கிடையாது. அதனாலேதான் ஊருக்கே அந்தப் பெயர். சுவாமியின் பெயர் ஆத்மநாதர். ஆத்மாவுக்கு எங்கேயாவது உருவம் உண்டா? சரி, அம்மனையாவது பார்ப்போம் என்று யோகாம்பாள் சந்நிதிக்குப் போனால் அங்கேயும் திருவுருவம் இல்லை. பாதம் மட்டும். அதையும் பலகணி வழியாகத்தான் பார்க்கவேண்டும். நந்தி எங்கே? நந்தி இல்லை. கொடிமரம் எங்கே? கொடிமரமும் இல்லை.

நைவேத்தியமாவது தட்டு நிறைய இருக்குமா என்று நம்ம ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கொண்டுவந்து படைகல்லிலே பரப்பிவிடுவார்கள். எழுகிற ஆவிதான் சாமிக்கு. கூடவே கீரையும் பாகற்காயும். எங்க வீட்டிலே டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்த பத்தியம் அப்படியே அங்கே நடக்கிறது! (சிரிப்பு)

உலகத்திலேயே கல் வேலையில் இவ்வளவு உச்சத்துக்குப் போன ஒரு கோயிலிலே, மூலஸ்தானத்துக்கு வரும்போது மட்டும் உளியைக் கீழே வைத்துவிட்டார்களே, ஏன்? கல் கிடைக்கவில்லையா? சிற்பிக்குக் கை வலித்ததா? வாசலிலே நூறு சிலை செய்தவனுக்கு உள்ளே ஒரு லிங்கம் செய்யத் தெரியாதா? அந்த இடத்தைக் கல்லாலே நிரப்பக்கூடாது என்று ஒரு முடிவோடு விட்டிருக்கிறார்கள். அதை எது நிரப்புகிறது? அந்த மௌனத்துக்கு முன்னால் நின்று ஓதுவார் திருவாசகத்தை எடுக்கும்போது தெரியும். நானும் கேட்டேன், அந்தப் பையனும் கேட்டான். அப்புறம் அவன் ‘சாமி எங்கே’ என்று கேட்கவில்லை. (கைதட்டல்)

இந்தத் திருவாசகம் பிறந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மதுரைக்குப் பக்கத்திலே திருவாதவூர். அங்கே பிறந்த வாதவூரர் பாண்டியனுக்கு முதலமைச்சர். அரசனை அரிமர்த்தன பாண்டியன் என்று புராணம் சொல்லும். கடற்கரைத் துறையிலே குதிரைகள் வந்து இறங்கியிருக்கின்றன, வாங்கிக்கொண்டு வா என்று கருவூலத்துப் பொன்னைக் கொடுத்து அனுப்புகிறான் ராஜா. வாதவூரர் பெருந்துறைக்கு வருகிறார். குருந்த மரத்தடியிலே ஒரு குரு உட்கார்ந்திருக்கிறார். குதிரை வாங்க வந்தவர் அதை மறந்துவிட்டார். பொன் முழுவதும் கோயில் திருப்பணிக்கும் அடியாருக்கும் போய்விட்டது.

இதை வைத்துக்கொண்டு எதிரணியிலே ஓர் அம்மையார் கேட்டார்கள்: “பார்த்தீர்களா, பாட்டு பாடியவரே கல்லைத்தானே வாங்கினார்?” என்று. நல்ல கேள்வி அம்மா. அதைவிடக் கடுமையான கேள்வியை என் மனைவி வீட்டிலே கேட்டாள். “கவர்மெண்ட் பணத்தை எடுத்துக் கோயில் கட்டினால் அது கையாடல் இல்லையா?” என்றாள். அவள் தணிக்கைத் துறையிலே வேலை பார்த்தவள். (சிரிப்பு)

பாண்டியனும் அதைத்தான் கேட்டான். சும்மா விடவில்லை. வைகை மணலிலே நிற்கவைத்து வாட்டினான். சாமியே நரியைப் பரியாக்கி ஓட்டிக்கொண்டு வந்ததும், ராத்திரியிலே பரி மறுபடி நரியானதும், பிறகு வைகையிலே வெள்ளம் வந்ததும், பிட்டுக்கு மண் சுமந்ததும் பரஞ்சோதியார் சொல்லித் தமிழ்நாடே அறிந்த கதைகள். நான் சொல்ல வருவது வேறு. அந்தப் பொன்னுக்கு அவர் குதிரையே வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதற்குச் சாட்சி வெளியிலிருந்து வருகிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலே பாண்டிய நாட்டுக்கு வந்தவர் மார்க்கோ போலோ. மாணிக்கவாசகருக்குப் பிந்தைய காலம்தான். ஆனால் குதிரை வியாபாரம் அதே கடல் வழி வியாபாரம். அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிலே குதிரைகள் வந்து இறங்குகின்றன, ராஜாக்கள் கொள்ளைப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள், ஆனால் வருஷக் கடைசியிலே நூறு கூடத் தேறுவதில்லை என்று எழுதுகிறார். பராமரிக்கத் தெரியவில்லை. லாடம் அடிக்கிறவன் இல்லை. வியாபாரிகளும் அந்த ஆளை இங்கே வரவிடமாட்டார்களாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் யார் வாங்குவது? (சிரிப்பு) இன்றைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி பண்ணுகிற தந்திரம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

ஆகவே வாதவூரர் வாங்கியிருந்தால் அந்தக் குதிரைகள் அடுத்த தைக்குள் செத்திருக்கும். அவர் கட்டிய கல்லாவது நின்றதா? இன்றைக்கு நாம் அண்ணாந்து பார்க்கிற மண்டபங்களிலே பல அவருக்குப் பல நூற்றாண்டு கழித்து எழுந்தவை. கொடுங்கையைச் செதுக்கிய சிற்பி பிறப்பதற்கு முன்னாலேயே இந்த ஊர்ப் பெயரைத் தமிழ்நாடு பாடிக்கொண்டிருந்தது. திருவாசகத்தின் 51 பகுதிகளிலே கணிசமானவை பெருந்துறையிலே பாடியவை என்பது மரபு. சொல் முன்னால் போயிற்று. கல் பின்னால் வந்து சேர்ந்தது. அந்தப் பாட்டு இல்லையென்றால் வெள்ளாற்றுப் பக்கத்திலே ஒரு சின்ன ஊருக்கு இத்தனை சிற்பியும் எதற்காக வந்திருப்பான்?

கல்தான் சொல்லைக் காப்பாற்றியது என்று எதிரணியிலே ஒரு தம்பி பேசினார். தேவார ஓலைகளைத் தில்லைக் கோயிலில் ஓர் அறையிலே வைத்துக் காத்ததைச் சொன்னார். தம்பி, காத்தது யார்? திருமுறை கண்ட கதையை இன்னொரு தடவை படியுங்கள். கல் அறைக்குள்ளே வைத்துப் பூட்டினார்கள். ராஜராஜன் காலத்திலே திறந்து பார்த்தபோது கரையான் புற்று. தின்றது போக மிச்சம்தான் நமக்குக் கிடைத்தது. பூட்டி வைத்தது போயிற்று. வாயிலே பாடி வைத்ததுதான் நின்றது. (பலத்த கைதட்டல்)

திருவாசகத்துக்கும் ஒரு தில்லைக் கதை உண்டு. சிவபெருமானே அந்தணர் வேஷத்தில் வந்து, நீங்கள் சொல்லுங்கள் நான் எழுதிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தாராம். நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் கதையாகவே கேளுங்கள். அந்தக் கதையிலே சாமி கையிலே என்ன எடுத்தார் என்பதை மட்டும் பாருங்கள். உளி எடுக்கவில்லை. எழுத்தாணி எடுத்தார்!

ஜி.யு.போப் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கண்ணீர்த் துளி கடிதத்திலே விழுந்த கதையை மேடைக்கு மேடை சொல்கிறார்கள், நான் சொல்லப்போவதில்லை. அவரே தன் முன்னுரையிலே எழுதியிருப்பதைச் சொல்கிறேன். இந்த வயதிலே இவ்வளவு பெரிய வேலையை எடுத்து எப்படி முடிப்பேன் என்று தயங்கியபோது, ஆக்ஸ்போர்டிலே பேலியல் கல்லூரித் தலைவராக இருந்த ஜோவெட் என்ற அறிஞர், பெரிய வேலையைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்டநாள் வாழ வழி, முடிக்கிற வரைக்கும் நீர் இருப்பீர் என்றாராம். நிலா வெளிச்சத்திலே நடந்த பேச்சு. ஜோவெட் 1893இல் காலமாகிவிட்டார். போப் 1900இல், தம் 80ஆம் பிறந்தநாளன்று அந்த முன்னுரையை எழுதினார். ரிடையர் ஆன மறுநாளே நாற்காலியைத் தூக்கித் திண்ணையிலே போடுகிற நம்ம பெரியவர்கள் கவனிக்கவேண்டும்! (சிரிப்பு)

அந்தச் சொல் 2005இல் இளையராஜாவின் இசையிலே, புடாபெஸ்ட் நகரத்து வாத்தியக்காரர்களோடு சேர்ந்து ஒலித்தது. அதற்கும் எத்தனையோ காலத்துக்கு முன்னால் கடல் தாண்டியிருக்கிறது. தாய்லாந்து அரண்மனையிலே பரம்பரைப் பிராமணப் புரோகிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நடத்துகிற ஒரு சடங்குக்குப் பெயர் திரியெம்பாவாய். நம்ம திருவெம்பாவைதான். அது பெருந்துறையில் பாடியது அல்ல, திருவண்ணாமலையில் பாடியது என்பார்கள்; பாடியவர் இவரே. அந்தச் சடங்கிலே பெரிய ஊஞ்சல் ஆடுவார்கள். அந்த ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுவிட்டது. சிவப்பு வண்ணத்திலே உயரமான ஊஞ்சல் மரம் மட்டும் பாங்காக் நடுத்தெருவிலே நிற்கிறது. ஆனால் ஓதுவது நிற்கவில்லை. உச்சரிப்பு மாறிப்போயிற்று, ஓதுகிறவருக்கே பொருள் தெரியாது, இருந்தாலும் ஓதுகிறார். எதிரணித் தலைவர் அவர்களே, உங்கள் கொடுங்கையைக் கப்பலில் ஏற்ற முடியுமா?

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். ஐயா, ஒரே ஒரு நிமிஷம்.

எல்லாக் கோயிலிலும் திருவிழா என்றால் சாமி புறப்பாடு. ஆவுடையார்கோவிலிலே ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை இரண்டுக்கும் திருவிழா நடக்கும். அங்கே வாகனத்திலே ஏறி வீதி வருவது சிவபெருமான் அல்ல. சாமிக்கு உரிய அலங்காரத்தோடு மாணிக்கவாசகரே வருகிறார். உள்ளே பீடம் காலியாக இருக்கிறது. வெளியே பாட்டுக்காரர் தேரிலே உட்கார்ந்திருக்கிறார். வடம் பிடிக்கிறது அந்த ஊர்ச் சனம். யாரை இழுக்கிறோம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். நடுவருக்கும் தெரியும் என்று நம்புகிறேன்.

(நீண்ட கைதட்டல்)