நல்ல தண்ணிக் கிணற்றைத் தேடி

யாழ்ப்பாணக் கோட்டையைத் தாண்டிப் பண்ணைப் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் கடல். ஆழமில்லாத கடல், இடுப்பளவு நீரில் நின்று வலை வீசுகிறவர்களைப் பாலத்தில் இருந்தே பார்க்கலாம். நாங்கள் போனது ஆவணியில். சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து நேரே நெஞ்சில் அடித்தது. நானும் பதினாலு வயது மகளும் ஆளுக்கொரு வாடகைச் சைக்கிளில் எங்கள் ஊரான வேலணைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மகள் பிறந்தது ரொறன்ரோவில். "வான் பிடிச்சுப் போங்கோவன், இந்த வெயிலுக்கை என்ன சைக்கிள்?" என்று யாழ்ப்பாணத்தில் எல்லோரும் கேட்டார்கள். சைக்கிள்தான் வேண்டும் என்று நான் நின்றதற்குக் காரணம் உண்டு.

தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தைச் சுமந்தது சைக்கிள். பெற்றோலுக்குத் தடை, மின்சாரம் இல்லை. அரிசி மூட்டை, விறகு, காய்ச்சல்காரர், பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாம் சைக்கிள் கரியரில்தான் போனது. இரவில் அதைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்போம். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கை சோர்ந்தால் பிபிசி தமிழோசையில் செய்தி வாசிக்கிறவரின் குரலும் சோர்ந்துவிடும். "சுத்தடா, சுத்தடா" என்பார் அப்பா. இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் இருக்கும்போது அந்தக் கை நோவு எனக்கு நினைவு வருகிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, படை நெருங்கி வர, வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, அம்மம்மாவைக் கரியரில் இருத்தி விடிய விடியத் தள்ளிக்கொண்டு போனோம்.

வேலணையை விட்டது அதற்கும் முன்னர். 1990 ஆகஸ்டில் இலங்கைப் படையினர் எங்கள் தீவுப்பகுதியில் இறங்கினார்கள். சனம் உடுத்த உடுப்போடு வெளியேறியது. அப்போது எனக்கு எட்டு வயது. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துக்கொண்டு போகப்பட்ட இளைஞர்கள் திரும்பி வரவில்லை. அவர்களின் தாய்மார் இன்னும் பதில் கேட்டபடி இருக்கிறார்கள். அல்லைப்பிட்டியைக் கடக்கும்போது இதை மகளுக்குச் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்காமல் உழக்கிக்கொண்டு வந்தாள்.

வழியெல்லாம் பனை. இடையிடையே கூரை போன வீடுகள். சுவருக்குள் வடலி முளைத்து வாசல் உயரத்துக்கு நிற்கிறது. வங்களாவடிச் சந்தியில் ஒரு கடை வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டுச் சோடா குடித்தோம். வாங்கிலில் இருந்த ஐயா ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர் தம்பி, வெளிநாடோ?"

"ஓம் ஐயா. பிறந்தது இங்கைதான்."

"ஆற்றை மகன்?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவின் பெயரைச் சொன்னேன்; கண்ணைச் சுருக்கினார். அம்மப்பாவின் பெயரைச் சொன்னதும் எழுந்தே விட்டார். "காலியிலை கடை வைச்சிருந்தவற்றை பேரனோ நீர்? உங்கடை கிணத்திலையெல்லே நாங்கள் தண்ணி அள்ளினது!"

தீவுப்பகுதியார் பலர் தெற்கே சிங்கள ஊர்களில் கடை வைத்துப் பிழைத்தவர்கள். உழைத்த காசில் ஊரில் வீடு கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள். வேலணையில் பல கிணறுகள் உவர். நல்ல தண்ணி ஊறும் கிணறு ஒன்று அமைந்துவிட்டால் அயலெல்லாம் குடத்தோடு அங்கேதான் வரும். ஆள் போய் முப்பது வருடமானாலும் தண்ணி கொடுத்த வீட்டை மறப்பதில்லை. ஐயா தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனார். வானில் போயிருந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சந்தியைக் கடந்திருப்போம்.

எங்கள் வீட்டில் அத்திவாரமும் இரண்டு சுவரும்தான் மிச்சம். கிணறு இருந்தது. துலா இல்லை. பாசியைச் சுரண்டிப் பார்த்தேன்: ஈரச் சீமெந்தில் அம்மப்பா ஆணியால் கீறிய 1958. மகள் அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தாள்.

அடுத்த வளவில் சின்னம்மா. போர் முடிந்ததும் ஊர் திரும்பியவர். படலையில் நின்று என்னைப் பார்த்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு மகளோடு பேசினார். "அப்பிடியே அக்காவின்ரை நாடி. வா பிள்ளை, வெயிலுக்கை நிக்காதை." மகள் "அப்பம்மா" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்று மத்தியானம் ஒடியல் கூழ். நண்டு, இறால், பயித்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு முற்றத்து அடுப்பில் காய்ச்சியது. பலாவிலையைக் கோலிக் குடிக்க மகளுக்குச் சின்னம்மா பழக்கினார். உறைப்பில் அவளுக்குக் கண்ணீர் வந்தது. ஆனாலும் மூன்று தரம் வாங்கிக் குடித்தாள். அம்மாவைப் பற்றி நான் அறியாத கதைகளை அந்த முற்றத்தில்தான் கேட்டேன். புகையிலைத் தோட்டத்துக்கு விடியப்புறம் பட்டை இறைக்க அம்மாவும் போனவராம். எனக்கு அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

மறுநாள் ஊர்காவற்றுறை. வழியில் கரம்பன், உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளுக்கு வித்திட்ட தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த ஊர். துறைமுகத்தில் நின்றால் கடலுக்கு நடுவே, போர்த்துக்கேயர் கட்டிப் பின்னர் ஒல்லாந்தர் கைக்குப் போன ஹமன்ஹீல் கோட்டை தெரியும். அங்கிருந்து காரைநகருக்குச் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மிதவையில் கடக்கலாம். மிதவையை ஊரார் 'பாதை' என்பார்கள். எனக்குப் பிடித்த பெயர் அது. அக்கரையில் அப்பாவின் தங்கை, என் மாமி வீட்டில் ஓர் இரவு. பிறகு பொன்னாலைப் பாலத்தால் யாழ்ப்பாணம் திரும்பினோம். குறிகட்டுவானுக்குப் போய் வள்ளம் ஏறி நயினாதீவு அம்மனைக் கும்பிட நாள் போதவில்லை. அது எனக்குக் குறைதான்.

போக நினைக்கும் நேயர்களுக்கு ஒரு சொல். பிள்ளைகளுக்கு விடுமுறை என்று நாங்கள் ஆவணியில் போனோம். முடிந்தால் தை, மாசியில் போங்கள். வெயில் தணிந்திருக்கும், கடலேரியில் பூநாரைகள் நிற்கும். சைக்கிளை நகரில் வாடகைக்கு எடுக்கலாம். காற்றுப் போனால் ஒட்டுப்போடத் தேவையானதைக் கையோடு வைத்திருங்கள். உங்கள் பெற்றோரின் பெயர் மட்டும் போதாது. அம்மப்பா, அப்பப்பா பெயர்களை, அவர்கள் எந்த ஊரில் கடை வைத்திருந்தார்கள் என்பதை, வீட்டில் மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். சந்தியில் கேட்பார்கள்.