அலைபாயும் மனசுக்கு ஒரு வசனம்



மயிலாப்பூர் லஸ் பகுதியில் பிரகாச மாதா கோயில் இருக்கிறது. ஒரு காலத்தில் சுற்றிலும் காடு. அதனால் 'காட்டுக் கோயில்' என்றும் சொல்வார்கள். அங்குள்ள கல்வெட்டு காட்டும் ஆண்டு 1516. கடலில் திசை தெரியாமல் தவித்த போர்ச்சுகீசியர்கள், தூரத்தில் தெரிந்த ஒரு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு கரை சேர்ந்தார்களாம். அந்த வெளிச்சம் மறைந்த இடத்தில் எழுந்த கோயில் இது என்பது செவிவழிச் செய்தி.

கஷ்ட காலத்தில் வேதவசனத்தைத் தியானிப்பதும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கரை சேர்வது போலத்தான். கண் ஒன்றின் மேலேயே நிற்க வேண்டும். 12-ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ இதற்கு நான்கு படிகள் சொன்னார்: வாசிப்பது, அசைபோடுவது, செபிப்பது, மௌனமாக இறைவன் முன் இருப்பது.

இப்படித் தியானிக்க வேதாகமத்தின் சங்கீதங்களிலிருந்து தொடங்கலாம். அவை மொத்தம் 150. கடல் கொந்தளித்தாலும் கலங்காத நம்பிக்கையைப் பேசுகிறது 46-ஆம் சங்கீதம். முழுவதையும் ஓட்டமாகப் படிக்க வேண்டாம். ஒரே ஒரு வரியை எடுத்து, வாய்க்குள் மெல்லச் சொல்லுங்கள், திரும்பவும் சொல்லுங்கள். மூச்சு நிதானப்படும், மனசு அடங்கும்.

கடனும் நோயும் உடனே தீர்ந்துவிடாது. ஆனால் அவற்றைச் சந்திக்கத் தெம்பு வரும். இன்று செல்போனைக் கையில் எடுப்பதற்கு முன்னால், ஐந்து நிமிடம் ஒரு வசனத்தோடு உட்காருங்கள்.