பரண்ல உக்கார வெச்சவங்களுக்கு ஒரு நன்றி

மாரண்டஹள்ளியிலிருந்து பேசறேன். நடுவுல ரயில் சத்தம் கேட்டா மன்னிச்சுக்குங்க. பெங்களூர்–சேலம் பாதை எங்க ஊர் வழியாத்தான் போகுது.

இந்த வாரம் ஒரு சின்னக் கூட்டத்துக்கு நன்றி சொல்லணும். அவங்க வேட்டைப் பிரியர்கள். பதறாதீங்க. 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நம்ம நாட்டுல வேட்டை குற்றம். அது அவங்களுக்கும் தெரியும். மொத்தம் பத்துப் பேர் இருப்பாங்க. ஒருத்தர் கையிலயும் துப்பாக்கி கிடையாது. வேட்டைக் கதைகளைத் தேடித் தேடிப் படிப்பாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா அந்தக் கதை நடந்த ஊர்களைப் பார்க்கக் கிளம்பிடுவாங்க. அவ்வளவுதான்.

அவங்களை ஒண்ணு சேர்த்தது கென்னத் ஆண்டர்சன். பெங்களூர்ல வாழ்ந்தவர், 1974ல இறந்துட்டார். ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப் போன கதைகளை எழுதினவர். 1954ல வந்த அவரோட முதல் புத்தகத்துலயே ஜவளகிரிப் புலி இருக்கு, கும்மளாபுரம் சிறுத்தை இருக்கு. ரெண்டு ஊரும் எங்களுக்கு வடமேற்கேதான். அதே புத்தகத்துல பைரான்னு ஒரு பூசாரி வர்றார், சின்னாத்தங்கரைக் காட்டை உள்ளங்கை மாதிரி தெரிஞ்சவர். எங்க பஞ்சப்பள்ளி அணைக்குத் தண்ணி கொண்டுவர்ற அதே சின்னாறு. லண்டன்ல அச்சான புத்தகத்துல நம்ம ஆறு ஓடுறதைப் பார்த்தப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

சரி, இவங்களுக்கு நான் ஏன் நன்றி சொல்லணும்? அதுக்கு என் கதையைச் சொல்லணும்.

எங்களுக்கு மூணு ஏக்கர் நிலம். ராகியும் நிலக்கடலையும் போடுவோம். தாத்தா காலத்துல பரண் கட்டி ராக்காவல் இருப்பாங்க. அவர்கிட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. உரிமம் இல்லாத துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி வனத்துறைக்காரங்க வந்தப்ப, அப்பா அதைக் கொடுத்துட்டார். அதுக்கப்புறம் பரணும் மக்கிப்போச்சு. பன்னி மட்டும் வந்துக்கிட்டே இருந்தது. ஒரே ராத்திரியில அரை ஏக்கர் கடலையை உழுதுட்டுப் போயிடும்.

ஒரு வருஷம் பொறுக்க முடியலை. கம்பி வாங்கினேன். சூரிய மின்வேலி இல்லீங்க. அதுல விட்டு விட்டு ஒரு உதறல்தான் வரும், உசிரு போகாது. நான் நினைச்சது லைன்லருந்து நேரா மின்சாரம் எடுத்து விடுறது. அது சட்டப்படி குற்றம்னு தெரிஞ்சேதான் வாங்கினேன்.

அந்த வாரம் கூட்டத்துல இருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். திண்ணையில கம்பிச் சுருளைப் பார்த்துட்டார். திட்டலை. சட்டம் பேசலை.

"தம்பி, ராத்திரி இந்தக் கம்பி பக்கத்துல யார் உக்காந்திருப்பா?"ன்னு கேட்டார்.

"யாரும் உக்கார வேணாம்னுதானே சார் கம்பியே?"

"அப்போ வர்றது பன்னியா, யானையா, தண்ணி பாய்ச்ச வர்ற பக்கத்துத் தோட்டத்துப் பையனான்னு யாரு பார்க்கிறது?"

என்கிட்ட பதில் இல்லை. கம்பியை வித்துட்டேன்.

சில மாசம் கழிச்சு, 2023 மார்ச்சுல, எங்க ஊருக்குப் பக்கத்துல காளிகவுண்டன்கொட்டாய்ல என்ன நடந்ததுன்னு நீங்க செய்தியில பார்த்திருப்பீங்க. தோட்டத்துல போட்டிருந்த மின்கம்பியில சிக்கி மூணு பெண் யானைங்க செத்துப்போச்சு. ரெண்டு குட்டிங்க தப்பிச்சு, தாய்ங்களைச் சுத்தி நின்னுதுங்க. ஊரே போய்ப் பார்த்தது. நானும் போனேன். திரும்பி வர்றப்ப வண்டி ஓட்ட முடியலை. அது என் தோட்டமா இருந்திருக்கலாம். அந்தக் கேள்வியை என்கிட்ட ஒருத்தர் கேட்டார். அந்தத் தோட்டக்காரர்கிட்ட யாரும் கேக்கலை. எங்களுக்குள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

நம்ம கூட்டத்துல இன்னொருத்தர், வெளிநாட்டுல தொலைதூரத்துல நின்னு வேட்டையாடுறவங்க எழுதுறதை விரும்பிப் படிப்பார். காத்து எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், குண்டு எவ்வளவு தாழும்னு கணக்கு போட்டு நோட்டுல எழுதி வெச்சுக்குவாங்களாம். அந்தப் பொறுமையை அவர் மெச்சுவார். ஆனா அவரே சொல்வார்: ஆயிரம் கஜ தூரத்துக்குக் குண்டு போய்ச் சேர ஒரு வினாடிக்கு மேல ஆகும். அதுக்குள்ள மான் ஒரு அடி எடுத்து வெச்சா, நெஞ்சுல பட வேண்டியது வயித்துல படும். அமெரிக்காவுல தியோடர் ரூஸ்வெல்ட் 1887ல தொடங்கின பூன் அண்ட் குரோக்கெட் கிளப், வேட்டைக்காரங்களோட சங்கம்தான். அவங்களே இந்தத் தூர வேட்டையை ஒத்துக்கலை. விலங்குக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்கணும்ங்கிறது அவங்க கொள்கை.

அதைக் கேட்டப்பதான் எனக்கு விளங்குச்சு. மின்கம்பிதான் இருக்கிறதுலயே ரொம்பத் தூரத்து வேட்டை. கொல்றவன் வீட்ல தூங்கிக்கிட்டு இருப்பான்.

ஆண்டர்சன் மரத்துல பரண் கட்டி ராத்திரி முழுக்க உக்காருவார். எது வருதுன்னு தெரியாம சுட முடியாத கிட்டத்துல. சருகு சத்தத்துல பாதத்தைக் கண்டுபிடிக்கணும். அந்தப் படிப்பைத்தான் இந்தக் கூட்டம் எனக்குக் கொடுத்தது. நாய்த் தடத்துல நகம் பதியும், சிறுத்தைத் தடத்துல பதியாது. யானையோட முன்னங்கால் தடத்தைக் கயித்தால சுத்தி அளந்து ரெண்டு மடங்கு ஆக்கினா, அதோட தோள் உயரம் ஏறக்குறைய வந்துடும். முதல் தடவை நானே அளந்து பார்த்தப்ப எட்டடி வந்தது. அந்தத் தடம் என் கிணத்து மேட்டுல இருந்தது.

இப்போ மறுபடி பரண் கட்டியிருக்கேன். விளைச்சல் சமயத்துல நானும் மச்சானும் முறை மாத்தி உக்கார்றோம். டார்ச்சு, தகர டப்பா, வனத்துறைக்காரங்க போன் நம்பர். எல்லாம் சரியாப் போச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். போன வருஷமும் கடலை போச்சு. தூக்கம் கெட்டு உடம்பு வலிக்குது. 2025 ஜனவரியில, காப்புக்காட்டுலருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால வர்ற காட்டுப்பன்னியை வனத்துறையே சுடலாம்னு தமிழ்நாடு அரசு அறிவிச்சது. எங்களை மாதிரி காட்டை ஒட்டி இருக்கிறவங்களுக்கு அது உதவாது. யானைகிட்ட டப்பா தட்டுற வேலையும் ஆகாது. இறங்காம, சத்தம் போடாம, போன் பண்ணிட்டு உக்காந்திருக்கணும்.

ஆனா இப்ப யார் வர்றாங்கன்னு எனக்குத் தெரியும். போன தை மாசம் ஒரு தாயும் குட்டியும் ராகிக் கொல்லை ஓரமா நடந்து போச்சுங்க. பரண்லருந்து முப்பது அடி இருக்கும். என் நெஞ்சு அடிச்ச சத்தம் மச்சானுக்கே கேட்டிருக்கும். கால் மணி நேரத்துல நாலு வரிசை ராகி போச்சு. அப்புறம் மலைப்பக்கம் ஏறிடுச்சுங்க. குட்டியோட தடத்தைக் காலையில அளந்து நோட்டுல எழுதினேன்.

வாத்தியார் இதைக் கேப்பார்னு தெரியும். சார், அன்னைக்கு நீங்க கேட்ட கேள்விக்கு இப்பதான் பதில் சொல்றேன். பக்கத்துல நான் உக்காந்திருக்கேன்.

அடுத்த வாரம் பார்ப்போம்.