வெளியே வந்தவனை விடாதது யார்?

சட்டப் புத்தகத்தோடு வந்து அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே!

தண்டனை முடிந்து வந்தவனை வாழவிடாமல் தடுப்பது சட்டமா, சமூகமா? சமூகம்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னாலே பேசின அம்மா, "சட்டம் அவன் நெத்தியிலே பச்சை குத்தி அனுப்புது"ன்னு சொன்னாங்க. நல்லாத்தான் இருந்தது, நானே கை தட்டினேன். ஆனா ஐயா, அந்தப் புத்தகத்தை இன்னும் நாலு பக்கம் புரட்டியிருக்கலாம்!

1958-ஆம் ஆண்டிலேயே குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்துவிட்டது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாவிட்டால், நீதிமன்றம் ஒருவனைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையிலே விடலாம். அதிலே 12-ஆவது பிரிவு என்ன சொல்லுது? இப்படி விடப்பட்டவனுக்கு, குற்றவாளின்னு தீர்ப்பானதால வர்ற தகுதிக்குறைவு எதுவும் ஒட்டாதுங்குது. தப்பே நடக்கலைன்னு சொல்லலை. அந்தத் தப்பு காலமெல்லாம் கூட வராதுன்னு சொல்லுது.

சின்னப் பிள்ளைங்க விஷயம்? 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 24-ஆவது பிரிவைப் பாருங்க. பதினாறு வயசு தாண்டி, கொடிய குற்றத்திலே பெரியவன் மாதிரி விசாரிக்கப்பட்டவனுக்கு மட்டும் விதிவிலக்கு. மத்த பிள்ளைகளுக்குத் தகுதியிழப்பு கிடையாது. அந்த ஏட்டையே உரிய காலத்துக்குப் பிறகு அழிச்சுடணும். சட்டம் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுது ஐயா! எதிர்வீட்டு அம்மா ஞாபகத்தை யார் கிழிக்கிறது? (சிரிப்பு)

ஓட்டுரிமை போச்சுன்னாரு அண்ணன். சிறைக்குள்ளே இருக்கிற வரைக்கும்தான் அண்ணே ஓட்டுப் போட முடியாது. வெளியே வந்துட்டா, பட்டியல்லே பேர் இருந்தா, நீங்களும் அவனும் ஒரே வரிசைதான். இரண்டு வருஷமோ அதுக்கு மேலேயோ தண்டனை வாங்கினவன் தேர்தல்லே நிக்கிறதுக்குக்கூட, விடுதலையாகி ஆறு வருஷம்னு பொதுவா ஒரு கணக்கு இருக்கு. எம்.எல்.ஏ. ஆகறதுக்கு ஆறு வருஷம். எங்க தெருவிலே வாடகைக்கு வீடு பிடிக்க எத்தனை வருஷம்? சொல்லுங்க பார்ப்போம்! (கைதட்டல்)

"பழசு எங்கே போனாலும் வேலை கிடைக்காது"ன்னாங்க. 2016-இலே உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கேளுங்க. வழக்கை மறைக்கிறது தப்புதான். ஆனா இளவயசிலே கோஷம் போட்டது மாதிரி அற்ப வழக்கா இருந்தா, அதை மறைச்சதைக்கூட வேலை கொடுக்கிறவர் பொறுத்துக்கலாம்னு சொல்லியிருக்கு. பொறுக்கலாம்னு கோர்ட்டு சொல்லுது. பொறுக்க மாட்டேன்னு முதலாளி சொல்றார்.

ஐயா, இந்த மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கு. வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1908 மார்ச்சிலே அவரைக் கைது செய்தபோது திருநெல்வேலியே கொந்தளித்தது. சிறையிலே செக்கிழுத்தார். 1912 டிசம்பரிலே விடுதலையாகி வெளியே வந்தார். வாசலிலே எத்தனை பேர்? சுப்பிரமணிய சிவா நின்றார். மற்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்! கப்பல் ஓட்டியவர் சென்னையிலே மண்ணெண்ணெய் விற்றுப் பிழைக்க வேண்டி வந்தது.

எதிரணி உடனே கேட்கும்: "வக்கீல் சன்னதைப் பறிச்சது சட்டம்தானே?" ஆமாம், சட்டம்தான் பறிச்சது. அப்புறம் வாலஸ் என்கிற வெள்ளைக்கார நீதிபதி உதவியாலே அதே சன்னது திரும்பியும் வந்தது. அந்த நன்றிக்கு வ.உ.சி. தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பேர் வைத்தார். பறிச்ச சட்டம் திருப்பிக் கொடுத்துடுச்சு. அன்னைக்குச் சிறை வாசலுக்கு நாம போகாததுக்கு எந்தச் சட்டப் பிரிவு காரணம்? (பலத்த கைதட்டல்)

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இங்கிலாந்திலே 1974-இலேயே, பல குற்றங்களுக்கு, குறிப்பிட்ட காலம் ஒழுங்கா இருந்தா அந்தத் தீர்ப்பு காலாவதின்னு சட்டம் போட்டாங்க. நம்ம நாட்டிலே பெரியவங்களுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. ஏன் இல்லை? நாம கேட்கலை! ரோட்டுக்கு மறியல் பண்றோம், தண்ணிக்கு மறியல் பண்றோம். திருந்தினவனுக்காக ஒரு மனு எழுதினோமா?

"எங்க வீட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?"ன்னு தாய்மார்கள் கேட்கலாம். நியாயம். பிள்ளைகளைக் கெடுத்தவனைப் பள்ளிக்கூடத்திலே வேலைக்கு வைக்கச் சொல்லலை. ஆனா வேலையும் இல்லை, வீடும் இல்லை, பேச ஆளும் இல்லைன்னா அவன் எங்கே போவான்? பழைய கூட்டாளி மட்டும்தான் "வாடா"ன்னு கூப்பிடுவான். நாம மூடுற ஒவ்வொரு கதவும் அவனை அந்த வாசலுக்குத்தான் தள்ளுது.

கடைசியா ஒன்று. தம்பி ஜெயிலுக்குப் போனான்னு தெரிஞ்சதும், அக்காவைப் பெண் பார்க்க வந்தவங்க காபியைக்கூடக் குடிக்காம எழுந்து போறாங்க. தம்பிக்குக் கோர்ட்டு கொடுத்தது மூணு வருஷம். அக்காவுக்கு நாம கொடுக்கிறது ஆயுள் தண்டனை. அவளுக்கு எதிராக எந்தச் சட்டத்திலே, எந்தப் பிரிவிலே வழக்கு? அவளுக்கு அப்பீல் எங்கே?

சட்டத்தின் தண்டனைக்குத் தேதி இருக்கு. நம்ம தண்டனைக்குத் தேதியே இல்லை. ஆகவே நடுவர் அவர்களே, வெளியே வந்தவனை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சமூகமே என்று தீர்ப்பளிக்க வேண்டுமாய்க் கேட்டு அமர்கிறேன்.