சிவப்புக் கீரையும் மரபணுவும்

 

சென்ற கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார்: "சாலைச் சந்தையில் விற்கிற தண்டுக்கீரை இவ்வளவு சிவப்பாக இருக்கிறதே, இது மரபணு மாற்றிய கீரையா? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம். பயம் வேண்டாம். அந்தச் சிவப்பு செடியில் இயற்கையாக உள்ள சாயம். நம் நாட்டில் உழவர்கள் பயிரிட 2002-இல் அனுமதி கிடைத்தது மரபணு மாற்றிய பருத்திக்கு. கத்திரிக்காயை 2010-இல் நிறுத்தி வைத்தார்கள். கீரை எதற்கும் அனுமதி இல்லை.

நம் வெள்ளாயணிக்கு அருகில் பாலப்பூர் இருக்கிறது அல்லவா? அவ்வூர்ச் சிவப்புக் கீரையில் நல்ல செடிகளைப் பொறுக்கி, அவற்றின் விதையை எடுத்து விதைத்தார்கள். இப்படித்தான் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் 'அருண்' கீரை பிறந்தது. நம் பாட்டிமார்களும் நல்ல செடியை விதைக்கு விட்டவர்கள்தான்.

மரபணு மாற்றம் வேறு. ஒவ்வொரு உயிருக்குள்ளும் அதன் குணத்தை முடிவு செய்யும் மிகச் சிறிய கூறுகள் உண்டு. அவையே மரபணுக்கள். ஓர் உயிரின் மரபணுவை எடுத்து இன்னோர் உயிரில் சேர்ப்பதே மரபணு மாற்றம்.

கீரை இனத்திலிருந்தும் அப்படி எடுத்திருக்கிறார்கள். வடநாட்டில் தானியமாக உண்ணும் 'ராஜ்கீரா' தண்டுக்கீரைக்கு உறவு. டில்லியில் அறிவியலாளர் ஆசிஸ் தத்தா குழுவினர் அதன் புரத மரபணுவை 1992-இல் பிரித்தெடுத்தார்கள். பிறகு அதை உருளைக்கிழங்கில் சேர்த்தார்கள். கிழங்கில் புரதம் 60 சதவீதம் வரை கூடியதாக 2010-இல் அறிவித்தார்கள். பெரிய வேலைதான். ஆனால் 100 கிராம் உருளைக்கிழங்கில் புரதமே ஏறக்குறைய 2 கிராம். கூடினாலும் 3 கிராம் ஆகும். ஒரு பிடி பருப்பு அதைவிட அதிகம் தரும் என்பது என் கருத்து.

நமக்கு உண்மையான தொல்லை இலைப்புள்ளி நோய். மழைக்காலத்தில் சிவப்புக் கீரையின் இலையில் வெள்ளைப் புள்ளி விழும். பிறகு விற்க முடியாது. இது பூஞ்சணத்தால் வருகிறது. நோய் தாங்கும் மரபணுவைத் தேடி நாம் காத்திருக்க வேண்டாம். கோயம்புத்தூரின் 'கோ 1' பச்சைக் கீரை இந்நோயைத் தாங்கும். சிவப்பையும் பச்சையையும் கலந்து நடுங்கள். நோய் பரவுவது குறையும். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கீரைப்பூவின் மகரந்தம் காற்றில் பறக்கும். கலந்து நட்ட பாத்தியில் விதை எடுத்தால் இனம் கலந்துவிடும். விதைக்கு என்று சிவப்புக் கீரையைத் தள்ளி, தனியாக நடுங்கள்.