கல்லணையிலிருந்து கும்பகோணம் வரை: சைக்கிளில் இரண்டு நாள்

(சங்கத்தின் மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லிஃப்ட் பராமரிப்பும் தண்ணீர் லாரிக் கணக்கும் முடிந்த பிறகு எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் தூசி படிந்து நிற்கும் சைக்கிள்களை இந்த மாதக் கடைசிக்குள் உரியவர்கள் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகச் செயலாளர் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். அதற்கு முன் உங்கள் சைக்கிளை ஒருமுறை வெளியே எடுத்து ஓட்டிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன். கூடவே நான் செய்த ஒரு தவறையும் உங்கள் முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

தை மாதக் கடைசியில் நம் குடியிருப்பிலிருந்து நான்கு பேர் சைக்கிளில் கும்பகோணம் போனோம். அறுபதை நெருங்கும் நான், என்னைவிட இரண்டு வயது இளையவரான சி பிளாக் நண்பர், ஏ பிளாக்கில் இருக்கும் பள்ளி ஆசிரியை, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு தம்பி. என் சைக்கிள் என் மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போனது. நோட்டீஸில் சொல்லப்பட்ட சைக்கிள்களில் அதுவும் ஒன்று.

திருச்சிக்காரர்களான நாம் கல்லணைக்கு எத்தனையோ முறை போயிருப்போம். காரில் போவோம், மீன் வறுவல் சாப்பிடுவோம், போட்டோ எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். கல்லணைக்கு அந்தப் பக்கம் கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் கடற்கரை வரை ஒரு சாலை போகிறது. கல்லணை–பூம்புகார் சாலை என்றே அதற்குப் பெயர். கல்லணைப் பக்கம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம்தான். கடல் வரைக்கும் நூற்றுச்சொச்சம் கிலோமீட்டர். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு அரை மீட்டர்தான் சரிவு. அந்த வழியில் மேடு என்று ஒன்று வந்தால் அது ஆற்றுப் பாலமாகத்தான் இருக்கும்.

சமதரை என்றால் சுலபம் என்று நானும் நினைத்தேன். அது பாதிதான் உண்மை. மலைப்பாதையில் ஏறினால் இறக்கம் வரும், இறக்கத்தில் கால் ஓய்வெடுக்கும். சமதரையில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். போதாக்குறைக்கு எதிர்காற்று. தை, மாசியில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும். நாங்கள் போனது கிழக்கு நோக்கி. இருபுறமும் வயல், மறைப்புக்கு ஒரு சுவர் கிடையாது. ஒருவர் பின் ஒருவராகப் போனால் பின்னால் வருபவருக்குக் காற்றின் சுமை நன்றாகவே குறையும். சில கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னால் போகிறவர் மாறிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் செய்யவில்லை.

முதல் நாள் அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். திருவானைக்கோவில் வழியாக விடியும் நேரத்துக்குக் கல்லணை. அங்கே டீ குடித்துவிட்டு, டிபனைத் திருக்காட்டுப்பள்ளியில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவன் நான். என் ஹேண்டில்பாரில் போன் மாட்டியிருந்தேன். அதில் வேகம் தெரியும். மணிக்கு இருபது கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்று மனதுக்குள் ஒரு வைராக்கியம். கோவிலடி தாண்டியதும் நானும் அந்தத் தம்பியும் வேகமெடுத்தோம். திரும்பிப் பார்க்கவே இல்லை.

மூன்று கிலோமீட்டர் போன பிறகு ஆசிரியையிடமிருந்து போன் வந்தது. "சார், உடனே திரும்பி வாங்க" என்றார். சி பிளாக் நண்பருக்குச் சர்க்கரை உண்டு. விடிகாலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, டிபன் வரப்போகிறதே என்று இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்தியிருக்கிறார். ஒரு மதகுப் பக்கம் சைக்கிளை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கேட்ட கேள்விக்குச் சரியான பதில் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிட்டது. ஆசிரியைதான் பதறாமல் பக்கத்து டீக்கடைக்கு ஓடி, நான்கு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாங்கிவந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்திருக்கிறார். கால் மணி நேரத்தில் தெளிவு வந்தது. பிறகு கடையில் இட்லி வாங்கிக் கொடுத்தோம்.

நான் போய்ச் சேர்ந்தபோது டீக்கடை அம்மா என்னைப் பார்த்து, "ஏன் சார், வயசானவரைத் தனியா விட்டுட்டு நீங்க மட்டும் போவீங்களா?" என்று கேட்டார். அவரைவிட நான்தான் வயதில் மூத்தவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நண்பரின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். இதோ, சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு அவரோடு ஆசிரியையும் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த இடத்திலேயே ஒரு விதி வைத்தோம். நால்வரில் யாருக்கு அன்றைக்கு முடியவில்லையோ, அவருடைய வேகம்தான் எல்லாருடைய வேகம். காற்றை வாங்கிக்கொண்டு முன்னால் ஒருவர், அவர் பின்னால் முடியாதவர், கடைசியில் ஒருவர் கண்காணித்துக்கொண்டு. போனைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஊரே கண்ணில் பட்டது. வாய்க்கால் பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு மதகு, பக்கத்தில் ஒரு அரசமரம் அல்லது கோயில். ஐந்து ஆறுகளால் திருவையாறு என்று பெயர் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து தஞ்சாவூர் போகும் சுமார் 13 கிலோமீட்டருக்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்தையும் பாலம் ஏறிக் கடக்க வேண்டும். காரில் போனால் ஐந்து குலுக்கல், அவ்வளவுதான். அன்று மாலை ஆற்றங்கரையில் தியாகராஜர் சமாதிக்குப் போய்விட்டு, புஷ்ய மண்டபத் துறைப் படியில் கால் நீட்டி உட்கார்ந்தோம். சூடான அசோகா நால்வருக்கும் ஒரு பொட்டலம். நண்பருக்கு ஒரு வாய் மட்டும்.

மறுநாள் வழியில் திங்களூர். அப்பூதியடிகள் ஊர். தாம் நேரில் பார்த்தேயிராத திருநாவுக்கரசர் பெயரில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. முதல் நாள் அனுபவத்துக்குப் பிறகு அந்தக் கதை எனக்கு வேறு மாதிரி புரிந்தது. முன்பின் தெரியாத எங்களுக்கு ஓடிவந்து உதவிய அந்த டீக்கடை அம்மா, கடைசி வரை சர்க்கரைக்குக் காசு வாங்கவே இல்லை.

கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம் தாண்டிச் சுவாமிமலை. அங்கே ஒரு பட்டறையில் சிலை வார்ப்பதைப் பார்த்தோம். முதலில் மெழுகில் உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடாக்குகிறார்கள். மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். இரண்டு நாளாக எங்கள் டயரில் ஒட்டிய மண்ணும் அதே வண்டல்தான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய 12ஆம் நூற்றாண்டுக் கோயில், 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தேர் வடிவ மண்டபத்தின் கல் சக்கரத்துக்குப் பக்கத்தில் எங்கள் சி பிளாக் நண்பர் நின்று எடுத்த படத்தைத்தான் இந்த இதழில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கும்பகோணத்தில் டிகிரி காபி குடித்துவிட்டு, சைக்கிள்களைக் குட்டியானையில் ஏற்றி வீடு வந்து சேர்ந்தோம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் சம்பந்தமான மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மாத்திரை போட்டால் சாப்பிடாமல் சைக்கிளைத் தொடக் கூடாது. ஒவ்வொருவர் பையிலும் சர்க்கரைப் பொட்டலமும் தண்ணீரும் இருக்கட்டும். ஹெல்மெட், பின்பக்கச் சிவப்பு விளக்கு இரண்டும் கட்டாயம், ஏனென்றால் அந்தச் சாலை பல இடங்களில் குறுகலானது, பஸ் வேகமாக வரும். அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காயப்போட்டிருப்பார்கள், வைக்கோலும் கிடக்கும். அதன்மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும். கியர் சைக்கிள் சிலவற்றில் மெல்லிய வால்வு இருக்கும், ஊர்ப் பஞ்சர் கடைப் பம்பு அதற்குப் பொருந்தாது. ஒரு அடாப்டரும் மாற்று ட்யூபும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பயணம் ஆடியில். அப்போது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று நம் முதுகைத் தள்ளும். மேட்டூர் திறந்திருந்தால் ஆறும் நிறைந்து ஓடும். அதுவரை ஞாயிறுதோறும் காலை ஐந்தரை மணிக்கு மெயின் கேட்டிலிருந்து கல்லணை வரை போய் வருகிறோம். சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்துக் கொண்டுவாருங்கள். முதல் முறை பாதி வழியில் திரும்பினாலும் பரவாயில்லை, உங்களோடு ஒருவர் திரும்பி வருவார். அது நானாகவே இருக்கட்டும் என்று சி பிளாக் நண்பரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

செயலாளர் அவர்களே, மாதக் கடைசி என்பதை ஏப்ரல் கடைசி என்று மாற்றி ஒட்ட முடியுமா?