கல்லூரி முதலாண்டும் கேட்பாரற்ற பொழுதும்

(நமது சங்கத்தின் கல்விநிதிக் கூட்டத்தில், இவ்வாண்டு கல்லூரி புகும் மாணவ மாணவிகளுக்கு ஆற்றிய சொற்பொழிவு)



முதலாண்டு மாணாக்கர்க்குப் படிப்பு, விளையாட்டு, வீண்பொழுது ஆகிய மூன்றையும் குறித்து நாலு வார்த்தை சொல்லவேண்டுமென்று கமிட்டியார் நம்மைப் பணித்தார்கள். இவ்விஷயத்தில் பிறர்க்கு எடுத்துரைக்கும் யோக்கியதை நமக்கு உண்டா என்பது சந்தேகமே. ஏனெனில், இதே கமிட்டியில் அமர்ந்து, இதே விஷயத்தில், நாம் ஒரு பெரும்பிழை செய்திருக்கிறோம். அதனை முதலில் ஒப்புக்கொண்டு பிறகு மற்றவற்றைச் சொல்லுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த ஒரு பெண், மேனிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றுச் சென்னையில் ஒரு கல்லூரியில் இரசாயனப் பட்டவகுப்பிற் சேர்ந்தாள். பெயர் வேண்டா, அவளுடைய சம்மதம் பெற்றே இதனைச் சொல்லுகிறோம். தந்தையார் மளிகைக் கடையில் கணக்கெழுதுபவர். கல்லூரிச் சம்பளத்தில் பாதியை நம் நிதி ஏற்றுக்கொண்டது. அப்பெண் ஊரிலேயே கைப்பந்து நன்றாக ஆடுபவள். கல்லூரியிலும் முதல் மாதத்திலேயே அணியிற் சேர்க்கப்பட்டாள். முதற்பருவத் தேர்வின் முடிவு வந்தது. இரண்டு பாடங்களில் தோல்வி. தந்தையார் கடிதமும் கையுமாக நம்மிடம் வந்தார். கமிட்டி கூடிற்று. யாரும் அதிகமாக யோசிக்கவில்லை. "பந்தாட்டத்தை நிறுத்தினால் உதவி தொடரும், இல்லையேல் நிறுத்தப்படும்" என்று ஒரு கடிதம் எழுதப்பட்டது. அதன் அடியில் நாமும் கையொப்பமிட்டோம்.

அவள் கீழ்ப்படிந்தாள். இரண்டாம் பருவத்தின் முடிவும் வந்தது. பழைய இரண்டும் தேறவில்லை. புதிதாக மூன்று சேர்ந்தன. மாணாக்கர் வழக்கில் சொன்னால் ஐந்து அரியர்.

அந்த விடுமுறையில் அவளே நம் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு நோட்டுப்புத்தகம். "பெரியப்பா, பந்தை நிறுத்தச் சொன்னீர்கள், நிறுத்தினேன். அந்த நேரம் படிப்புக்குப் போகுமென்று நீங்கள் எண்ணினீர்கள்; நானுந்தான் எண்ணினேன். அது எங்கே போயிற்று என்று இதில் எழுதியிருக்கிறேன், பாருங்கள்" என்று அதனை நம்முன் வைத்தாள்.

ஒரு வாரத்துக்கு 168 மணி. அதில் உறக்கம் 49. கல்லூரி வகுப்பு 30. உணவு, குளியல், துணி துவைத்தல், பஸ் பிரயாணம் எல்லாம் சேர்ந்து 24. புத்தகத்தின்முன் அமர்ந்தது 9. ஆக 112. எஞ்சிய 56 மணியில் 31 மணி கைப்பேசிக்குப் போயிருந்தது. இஃது ஊகமன்று, இன்றைய கைப்பேசி தன்னைப் பயன்படுத்திய நேரத்தைத் தானே கணக்கிட்டுக் காட்டுமாதலால், அதிலிருந்தே அவள் எழுதியிருந்தாள். மற்ற 25 மணிக்கு எதிரே "தெரியவில்லை" என்று ஒரே சொல். ஆட்டத்துக்குப் போன நாட்களில் அதற்கென்று செலவானது வாரம் 10 மணி. ஐம்பத்தாறை விட்டுவிட்டுப் பத்தைப் பறித்த மேதைகள் நாம்!

அதோடு நின்றதா? அணியிலிருந்த மூத்த மாணவியரே அவளுக்குப் பழைய வினாத்தாள்களையும் குறிப்பேடுகளையும் தந்து, எந்த ஆசிரியரிடம் எதைக் கேட்கலாம் என்று வழிகாட்டியவர்கள். ஆடுகளத்தை விட்டதும் அவர்களும் விலகினார்கள். மாலை நாலரை மணிக்கு அறைக்குத் திரும்பினால் பேசுவதற்கு ஆள் இல்லை. கையில் இருந்தது ஒன்றுதான். ஊரும் உறவும் விட்டு வந்த பதினேழு வயதுப் பெண்ணுக்கு அந்தத் தனிமை என்னவென்பதை, மாலையில் திண்ணை நிறைய ஆட்களோடு உட்கார்ந்து கடிதம் எழுதிய நாம் அறியவில்லை.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. ஆண்பிள்ளை ஒருவன் கிரிக்கெட் ஆடி இரண்டு பாடம் விட்டிருந்தால் இப்படி உடனே கடிதம் பறந்திருக்குமா என்று நம் இல்லத்தரசியார் அன்றிரவு கேட்டார்கள். விடை சொல்லாமல் படுக்கப் போனோம்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு நேரப்போகும் மாறுதல் இன்னதென்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் உங்கள் பொழுதைப் பிறர் காத்தார்கள். விடியற்காலையில் தாயார் எழுப்பினார்; மாலையில் தனிவகுப்பு ஆசிரியர் பிடித்து வைத்தார்; வாரந்தோறும் தேர்வு வந்து, விட்ட இடத்தைச் சுட்டிக் காட்டிற்று. கல்லூரியிலோ, நண்பகலுக்குச் சற்றுப்பின் வகுப்பு முடிந்துவிட்டால், இரவு படுக்கும் வரை எட்டு மணி நேரம் கேட்பாரற்றுக் கிடக்கும். வருகைப் பதிவேடு ஒன்றுதான் உங்களைத் தேடும். பெரும்பாலான சர்வகலாசாலைகளில் நூற்றுக்கு 75 விழுக்காடு வருகை இருந்தால் தேர்வெழுதலாம். அதற்குமேல் யாரும் கேளார். மேலும், நவம்பரில் எழுதிய தேர்வின் முடிவு கைக்கு வரும்போது பெரும்பாலும் இரண்டாம் பருவம் தொடங்கி நடந்துகொண்டிருக்கும். அதாவது, முதலாண்டு மாணாக்கன் தான் தவறியதை அறிவதற்குள் அடுத்த பருவத்திலும் பாதி தவறியிருப்பான். பள்ளியில் முதலிடம் பெற்ற பிள்ளைகள் கல்லூரி முதலாண்டிலே சறுக்குவது புத்திக் குறைவால் அன்று. காவல் நீங்கியதை அவர்கள் விடுமுறை என்று எண்ணிவிடுகிறார்கள்.

நம் காலத்தில் வீண்பொழுது இல்லையா என்றால், தாராளமாக இருந்தது. 1981-ல் நாம் கல்லூரி புகுந்தபோது சினிமாக் கொட்டகை இருந்தது. தேநீர்க் கடை இருந்தது. விடுதி மாடியில் சீட்டாட்டமும், விடிய விடிய அரசியல் விவாதமும் இருந்தன. ஆனால் படம் முடிந்தால் விளக்கைப் போட்டு எழுப்பி விடுவார்கள். கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார். சீட்டாடினால் நாலு பேரில் ஒருவனுக்காவது தூக்கம் வரும். கைப்பேசியில் ஓடும் துண்டுப் படங்களுக்கோ முடிவென்பது கிடையாது. ஒன்று முடியுமுன் அடுத்தது தானே வந்து நிற்கும்படி வேண்டுமென்றே அதனை அமைத்திருக்கிறார்கள். நம் கவனத்தை விற்றுப் பிழைக்கும் வியாபாரம் அது, கடையைச் சாத்துவார்களா?

விளையாட்டு இதற்கு நேர்மாறானது. கைப்பந்தில் 25 புள்ளி எடுத்து எதிரணியைவிட இரண்டு முந்தினால் ஒரு செட் முடிந்தது. சூரியன் விழுந்தால் ஆடுகளம் காலியாகும். உடம்பு தானே "போதும்" என்று சொல்லும். எல்லையுள்ள ஒன்றையும் எல்லையற்ற ஒன்றையும் "படிப்புக்கு இடைஞ்சல்" என்று ஒரே பெயரிட்டு அழைத்ததுதான் அன்று நாம் செய்த பிழையின் வேர். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷமும், 18 வயதுக்குமேல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரையும் மிதமான தேகாப்பியாசம் வேண்டுமென்று சொல்லியிருக்கிறது. கல்லூரி முதலாண்டு மாணாக்கர் இவ்விரண்டு வயதின் எல்லையில் நிற்பவர்கள். ஆட்டம் அவர்களுக்கு உணவைப் போன்றது.

ஆயினும் விளையாட்டும் அளவு மீறும். மண்டலப் போட்டி, மாநிலப் போட்டி என்று வாரக்கணக்கில் வெளியூரிற் கழித்துத் திரும்பும் பிள்ளைக்கு, வருகை கணக்கில் சலுகை கிடைக்கலாம். நடந்துபோன பாடம் கிடைக்காது. இங்கே ரோஜர் பானிஸ்டர் என்னும் ஆங்கிலேயரின் சரித்திரத்தைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். அவர் 1946-ல், தமது 17-ஆம் வயதில், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் வைத்தியம் பயிலச் சேர்ந்தார். ஓட்டத்தில் விரைவிலேயே பெயர் பெற்றார். 1948-ல் லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடக்கவிருந்தன. தம் சொந்த நாட்டில் ஓடும் வாய்ப்பு அவருக்கு எதிரே இருந்தது. "இன்னும் பக்குவம் வரவில்லை" என்று அவரே ஒதுங்கிக்கொண்டார். பின்னர் லண்டனில் வைத்திய மாணாக்கராயிருந்தபோது, அவருடைய பயிற்சி பெரும்பாலும் மதிய உணவு வேளையில், ஒரு மணி நேரத்துக்கும் உட்பட்டே முடிந்துவிடும். அந்த வேளைக்குள் சுற்றுச் சுற்றாக வேகத்தை அளந்து ஓடிவிட்டு மருத்துவமனைக்குத் திரும்புவார். 1954-ஆம் ஆண்டு மே 6-ந் தேதி காலையில் வழக்கம்போல் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டுப் பிறகே ரயிலேறி ஆக்ஸ்போர்டு சேர்ந்தார். அன்று மாலை ஒரு மைல் தூரத்தை 3 நிமிஷம் 59.4 விநாடியில் ஓடினார். நாலு நிமிஷத்துக்குள் ஒரு மைல் ஓடிய முதல் மனிதர் அவரே. அவ்வாண்டின் இறுதியிலேயே பந்தய ஓட்டத்தை விட்டுவிட்டு நரம்பு வைத்தியத்திற் புகுந்து அதிலும் பேர் பெற்றார். நாள் முழுதும் ஓடிப் பயின்றவரல்லர் அவர். ஓடும் வேளைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் வைத்திருந்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்ற எஸ். வெங்கட்ராகவன் 1965-ல், 19-ஆம் வயதில், இந்திய டெஸ்ட் அணியில் ஆடினார். ரவிச்சந்திரன் அசுவின் தகவல் தொழில்நுட்பத்திற் பட்டம் பெற்ற பின்னரே டெஸ்ட் அரங்கில் புகுந்து 537 விக்கெட்டுகள் எடுத்து, 2024-ல் ஓய்வு பெற்றார். இவர்கள் அபூர்வமானவர்கள்தாம். நம் பிள்ளைகள் எல்லோரும் இப்படி ஆவார்களென்று நாம் சொல்லவில்லை; ஆட்டமும் பட்டமும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதற்கு மட்டும் இவர்களைச் சாட்சியாக அழைத்தோம்.

உயர்ந்த விஷயங்கூடக் கணக்கின்றிப் போனால் மாணாக்கனைக் கவிழ்த்துவிடும். இராமானுஜன் 1904-ல் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். பொழுதையெல்லாம் கணிதத்துக்கே கொடுத்து மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் அந்தச் சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னையிலும் தேர்வில் தவறினார். 1912-ல் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தாவாக அமரும் வரை அவர் பட்ட கஷ்டம் கொஞ்சமன்று. அவருடைய மேதை அவரைக் காத்தது. நமக்கு அந்த அரண் இல்லையாதலால் ஆங்கிலத் தாளையும் துணைப்பாடத்தையும் படித்தே தீரவேண்டும்!

இனி, அப்பெண் மூன்றாம் பருவத்தில் என்ன செய்தாளென்பதைச் சொல்லுகிறோம். மறுபடியும் பந்தாடப் போனாள். கமிட்டியின் பழைய கடிதத்தை நாமே திரும்பப் பெற்றோம். வகுப்பு முடிந்ததும் அறைக்குப் போகாமல் நேரே நூலகத்துக்குப் போய் ஒன்றரை மணி நேரம் இருப்பாள். அன்று வகுப்பில் நடந்ததை, குறிப்பைப் பாராமல், வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பாள். எழுத வராத இடத்தை மட்டும் புத்தகத்திற் பார்ப்பாள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நினைவுகூர முயல்வது மனத்தில் நன்கு தங்குமென்பது மனோதத்துவ ஆராய்ச்சியாளர் பலர் சோதித்துக் கண்ட உண்மை. பிறகு ஆடுகளம். இரவு பத்து மணிக்குக் கைப்பேசியை விடுதி வராந்தாவிலிருந்த தன் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அறைத்தோழியிடம் கொடுத்துவிடுவாள். முதல் வாரம் சாவியைத் திரும்பக் கேட்டுச் சண்டை போட்டாளாம்! மனவுறுதி என்பதைப் பெரிதாக நம்ப வேண்டா; கைக்கு எட்டாத தூரந்தான் நம்பத்தக்கது. உறக்கத்தையும் அவள் குறைக்கவில்லை. படித்தது மனத்திற் பதிவது உறக்கத்திலே என்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். தேர்வுக்கு முந்திய இரவு கண்விழித்துப் பெருமை பேசுவோர் இதனைக் கவனிக்க. தேர்வு மாதத்தில் ஆட்டத்தை அரைமணியாகச் சுருக்கினாள்; அடியோடு விடவில்லை. போட்டிக்கு வெளியூர் போகுமுன் ஆசிரியரிடம் தானே போய்ச் சொல்லி, நடக்கவிருக்கும் பாடத்தைக் கேட்டுக்கொண்டு போனாள்.

ஐந்து அரியரும் ஒரே பருவத்திற் போய்விடவில்லை. மூன்று போயின, ஒன்று அதற்கடுத்த பருவத்தில் போயிற்று, துணைக்கணிதம் மாத்திரம் கடைசியாண்டு வரை பிடிவாதமாக நின்று பிறகே நகர்ந்தது. இன்று அவள் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். முதற் சம்பளத்தில் நம் நிதிக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பியிருந்தாள். "விளையாடும் பிள்ளைகளுக்குக் காலணி வாங்க" என்று அதன்மேல் எழுதியிருந்தது. யாரைக் குத்துகிறாளென்பது நமக்கு விளங்கிற்று.

பெற்றோர்களே! இரவில் பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்தால் "மார்க் என்ன?" என்று தொடங்காதீர்கள். பருவம் முடிந்த பிறகு வருவது அது. "இன்று மாலை எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய்?" என்று அன்போடு கேளுங்கள். பிள்ளை விளையாடப் போனதாகச் சொன்னால் பெருமூச்சு விடாதீர்கள். அறையிலேயே இருந்தேன் என்று நாலு நாள் தொடர்ந்து சொன்னால், அப்பொழுது ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கமிட்டியும் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. உதவி பெறும் முதலாண்டு மாணாக்கர் ஒவ்வொருவரும் ஆகஸ்டு மாதத்தில் ஒரு வாரத்து 168 மணியையும் எழுதி அனுப்பவேண்டும். தேர்வு முடிவு வரும்வரை நாம் காத்திருக்கப் போவதில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். "தெரியவில்லை" என்று எழுதினாலும் உதவி நிற்காது. பொய்க்கணக்கு எழுதினால் நம் பொக்கிஷதார் கண்டுபிடித்துவிடுவார், அவர் நாற்பது வருஷம் கணக்கு பார்த்தவர். காலணிக்கென்று வந்த ஆயிரத்தோடு மேலும் சிலர் சேர்த்திருக்கிறார்கள். கல்லூரி அணியில் இடம் பெறுவோர் மனுச் செய்துகொள்ளலாம். பெண்களும் மனுச் செய்துகொள்ளலாம் என்பதைத் தனியே சொல்லவேண்டியிருப்பதற்கு வெட்கப்படுகிறோம்.

பொக்கிஷதார் ஆண்டுக் கணக்கை வாசிக்க எழுந்து நிற்கிறார். நாம் அமர்கிறோம்.